முடிந்தது என்று சொல்வது யார்?

அன்புள்ள ஐயா,

நான் வேளச்சேரியில் வசிக்கிறேன். குரூப் 1 தேர்வுக்காக அண்ணா நகரில் ஒரு பயிற்சி மையத்தில் ஓராண்டாகப் படித்து வருகிறேன். 'பொது நிர்வாகம் எதிர்கொள்ளும் பெரும் சவால்கள்' என்ற தலைப்பில் பக்கம் பக்கமாகக் குறிப்பெடுத்து வைத்திருக்கிறேன். ஊழல், காலதாமதம், அரசியல் தலையீடு, பணியாளர் பற்றாக்குறை என்று எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் அதே பட்டியல்தான் வருகிறது. இதற்கிடையே என் அப்பா எங்கள் தெருவில் மழைநீர் தேங்குவதைப் பற்றி மூன்று மழைக்காலமாக மனு கொடுத்து வருகிறார். ஒவ்வொரு முறையும் 'தங்கள் மனு முடிவு செய்யப்பட்டது' என்று குறுஞ்செய்தி வருகிறது. பின்னாலேயே தண்ணீரும் வருகிறது. தேர்தல் ஆணையத்தை நடத்திய டி.என். சேஷனைப் போல அஞ்சாத ஓர் அதிகாரி வந்தால்தான் இதெல்லாம் சரியாகும் என்பது அப்பாவின் கட்சி. எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? இந்தத் தேர்வை எழுதி உள்ளே போவதால் ஏதேனும் பயன் உண்டா?

ம., வேளச்சேரி

அன்புள்ள ம. அவர்களுக்கு,

உங்கள் பட்டியலில் தவறு ஏதும் இல்லை. தேர்வில் அதையே எழுதுங்கள், மதிப்பெண் கிடைக்கும். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்தக் குறுஞ்செய்திதான். மனு முடிவு செய்யப்பட்டது என்கிறார்களே, முடிவு செய்தவர் யார்? உங்கள் அப்பாவை ஒரு வார்த்தை கேட்டாரா? தெருவுக்கு வந்து பார்த்தாரா? ஒரு வேலை முடிந்துவிட்டது என்று அறிவிக்கும் அதிகாரம், அந்த வேலையைச் செய்ய வேண்டியவரிடமே இருப்பதுதான் நம் நிர்வாகத்தின் ஆகப் பெரிய சிக்கல் என்று எனக்குப் படுகிறது. நீங்கள் பட்டியலிட்டவற்றில் பாதி இதற்குள் அடங்கிவிடும்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் தெருமுனையில் யாரோ ஒரு பள்ளம் தோண்டினார்கள். கேபிளுக்கா, குழாய்க்கா என்பது தெருவில் ஒருவருக்கும் தெரியவில்லை. தோண்டியவர்கள் மண்ணை ஓரமாகக் குவித்துவிட்டுப் போய்விட்டார்கள். முதல் மழையில் பள்ளம் நிரம்பி, சாலையும் அதுவும் ஒரே மட்டமாகத் தெரிந்தது. எதிர்வீட்டு அம்மாள், இரு சக்கர வாகனத்தில் வருகிறவர்கள் விழுந்துவிடக் கூடாதே என்று ஒரு முருங்கைக் கிளையை வெட்டி அதில் நட்டு, உச்சியில் சிவப்புத் துணியைக் கட்டிவிட்டார். நான் புகார் செய்தேன். மூன்றாம் நாள், புகார் தீர்க்கப்பட்டதாகச் செய்தி வந்தது. மறுபடி புகார் செய்தேன், மறுபடி தீர்க்கப்பட்டது. வேறோர் அலுவலகத்துக்கு எழுதினேன். அவர்கள் 'உரிய நடவடிக்கைக்காக' முதல் அலுவலகத்துக்கே அனுப்பிவிட்டு, தங்கள் கணக்கில் அதை முடித்துக்கொண்டார்கள்.

நான்காவது புகாருக்குப் பிறகு ஓர் இளம் பொறியாளர் நேரில் வந்தார். கைபேசியில் பள்ளத்தைப் படம் எடுத்தார். நான் சற்றுக் கோபமாகவே பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "சார், எங்க பதிவேட்டில் இந்தத் தெருவில் வேலையே நடக்கலை. எங்க பள்ளம் இல்லைன்னு எழுதி வைக்க அந்தத் திரையில் இடம் கிடையாது. நிலுவை, தீர்வு, ரெண்டே ரெண்டுதான். நிலுவையில் வைத்தால் வாராந்திரக் கூட்டத்தில் என்னை எழுப்பி நிறுத்துவாங்க" என்றார். அவர் பொறுப்பில் மூன்று வார்டுகள். லஞ்சம் கேட்கவில்லை, அலட்சியமாகப் பேசவும் இல்லை. பள்ளத்தை மூட அவருக்கு வழி இல்லை, புகாரை மூட வழி இருந்தது. அதைத்தான் செய்தார்.

அதற்குள் அந்த முருங்கைக் கிளை துளிர்த்துவிட்டது.

அந்தப் பொறியாளரின் இடத்தில் உங்கள் அப்பா கேட்கும் அஞ்சா நெஞ்சரை உட்கார வைத்துப் பாருங்கள். அவரும் இரண்டே பொத்தான்கள் உள்ள அதே திரையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

உங்கள் தெருத் தண்ணீருக்கு வருவோம். வேளச்சேரியில் விழும் மழை எங்கே போக வேண்டும்? தெருவோர வடிகால் வழியாகவும் ஓடைகள் வழியாகவும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கு. கடைசியில் முட்டுக்காட்டுக்கு அருகே கடலுக்கு. இந்த வழியில் தெருவடிகால் மாநகராட்சியுடையது. ஏரியும் கால்வாயும் நீர்வளத் துறையுடையவை. சதுப்பு நிலம், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-ல் சேர்ந்த அதே நிலம், வனத்துறையின் காவலில் இருக்கிறது. மடுவைக் கடக்கும் ராஜீவ் காந்தி சாலையைப் பார்த்துக்கொள்ள ஒரு நிறுவனம் தனியாக உண்டு. சுற்றிலும் கட்டடங்களுக்குத் திட்ட அனுமதி தருவதில் பெருநகர வளர்ச்சிக் குழுமத்துக்குப் பங்கு உண்டு. மழைநீர் வடிகாலில் கழிவுநீர் கலந்தால் குடிநீர் வாரியத்தையும் கூப்பிட வேண்டும். இவர்கள் ஒவ்வொருவரும் தத்தம் பகுதியில் வேலை முடிந்தது என்று உண்மையாகவே சொல்ல முடியும். தண்ணீர் மட்டும் உங்கள் வாசலில் நிற்கும்.

இந்தச் சிதறலை யாரும் கெட்ட எண்ணத்தோடு உண்டாக்கிவிடவில்லை. ஒவ்வொரு தொல்லைக்கும் ஒரு தனி வாரியம் அமைப்பது நமக்குப் பழகிப்போன வைத்தியம். 1688-ல் தொடங்கிய நம் மாநகராட்சி, குடிநீரையும் கழிவுநீரையும் நெடுங்காலம் தானே பார்த்துக்கொண்டிருந்தது. 1978-ல் அதற்கென வாரியம் அமைந்தது. தொழில்நுட்ப அறிவும் பெரும் முதலீடும் தேவைப்பட்ட காலம் அது; காரணங்கள் நியாயமானவை. ஆனால் வாரியங்கள் பெருகிய பிறகு அவற்றை இணைப்பதற்கு இன்னொரு அமைப்பு தேவைப்படுகிறது. போக்குவரத்தை ஒருங்கிணைக்கச் சென்னைக்கு ஓர் ஆணையம் வேண்டும் என்று 2010-ல் சட்டம் இயற்றினார்கள். அந்த ஆணையத்தின் முதல் கூட்டம் நடந்தது 2022-ல்! இடையில் பன்னிரண்டு ஆண்டுகள், பேருந்தும் ரயிலும் தத்தம் வழியில் ஓடிக்கொண்டிருந்தன.

அரசியலமைப்புச் சட்டத்தின் 74-ஆவது திருத்தம் பன்னிரண்டாம் அட்டவணையில் நகராட்சிகளுக்குரியவையாக 18 பணிகளைக் குறிப்பிடுகிறது. நகரத் திட்டமிடல் அதில் முதலாவது. குடிநீர் வழங்கலும் உண்டு. சென்னையில் இவை இரண்டுக்கும் மாநில அரசு அமைத்த தனி அமைப்புகளே முதன்மையாக இருக்கின்றன. இதைவிட என்னை உறுத்துவது வேறொன்று. 2016 அக்டோபரில் மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. ஐந்தாண்டுகளுக்கும் மேலாக, 200 வார்டுகள் கொண்ட இந்த நகரத்தில் ஒரு கவுன்சிலர்கூட இல்லை. கவுன்சிலர்களைப் பற்றி உங்களுக்கு என்ன அபிப்பிராயம் இருந்தாலும் சரி, எனக்கும் உயர்ந்த அபிப்பிராயம் இருப்பதாகச் சொல்ல மாட்டேன், அலுவலகம் 'முடிந்தது' என்று எழுதிய கோப்பை மன்றத்தில் தூக்கிக் காட்டி 'முடியவில்லை' என்று சொல்லக்கூடிய ஆள் அவர்தான். அந்த நாற்காலி அத்தனை காலம் காலியாகக் கிடந்ததைப் பற்றி நகரத்தில் பெரிய கூச்சல் எதுவும் எழவில்லை.

வெளியாள் ஒருவர் கணக்குக் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2015 வெள்ளமே சான்று. டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. வரலாறு காணாத மழை என்பதே அன்று நமக்குச் சொல்லப்பட்ட விளக்கம். 2018-ல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட இந்தியத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை, அது மனிதரால் விளைந்த பேரிடர் என்று எழுதியது. எழுதியவர்கள் அந்த ஏரியின் மதகைத் திறக்கும் துறையின் கீழ் இல்லை என்பதால்தான் அப்படி எழுத முடிந்தது.

இனி சேஷன். தலைமைத் தேர்தல் ஆணையராக 1990 முதல் 1996 வரை அவர் செய்தவற்றை நானும் வியந்து பார்த்தவன். ஆனால் அவர் குரலை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வது போதாது. தேர்தல்களை நடத்தும் அதிகாரத்தை ஆணையத்துக்குத் தரும், அவர் எடுத்துப் பயன்படுத்திய 324-ஆவது பிரிவு 1950-லிருந்தே அரசியலமைப்பில் இருந்தது. உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்குவதற்குரிய அதே முறையில்தான் அவரைப் பதவியிலிருந்து இறக்க முடியும். ஆறு முழு ஆண்டுகள் அவர் கையில் இருந்தன. ஒரு மாநகராட்சி ஆணையருக்கோ மாவட்ட ஆட்சியருக்கோ இவற்றில் எது இருக்கிறது? மாலையில் வரும் ஓர் ஆணையில் அவர் மறுநாள் வேறு துறைக்குப் போய்விடலாம். அரசு அதிகாரிகளுக்குக் குறைந்தபட்சப் பதவிக்காலம் உறுதி செய்யப்பட வேண்டும், வாய்மொழி உத்தரவுகளை எழுத்தில் பதிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-லேயே சொல்லிவிட்டது. அஞ்சாத அதிகாரி வேண்டும் என்று கேட்பதைவிட, அஞ்ச வேண்டிய நிலையில் இல்லாத நாற்காலி வேண்டும் என்று உங்கள் அப்பா கேட்கலாம். சேஷன் போனபின் நம்மிடம் தங்கியது அவர் அதட்டல் அன்று, வாக்காளர் புகைப்பட அட்டைதான்.

என் பள்ளத்தின் மீதிக் கதை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மூன்று அலுவலகங்களுக்கு ஒரே கேள்வியை அனுப்பினேன். இரண்டு அலுவலகங்கள் தங்களுடையது இல்லை என்றன. மூன்றாவது அலுவலகம் வேலைக்கான ஆணையின் நகலையும், சாலை சீரமைக்கப்பட்டதாகக் கையொப்பமிட்ட பதிவின் நகலையும் அனுப்பியது. அந்தப் பதிவின்படி, நான் முதல் புகார் கொடுப்பதற்குப் பதினோரு நாள் முன்பே பள்ளம் மூடப்பட்டுவிட்டது. நகலை இணைத்து மேல் அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினேன். நான்காம் நாள் ஜல்லி லாரி வந்தது. முருங்கையைப் பிடுங்கி எதிர்வீட்டு அம்மாள் தன் வீட்டு ஓரத்தில் வைத்துக்கொண்டார்.

மனுவும் தகவல் கேட்பும் காகிதத்தில் ஒன்றுபோலத் தெரியலாம். ஆனால் தகவல் கேட்பை அலுவலகம் தானாக முடித்துக்கொள்ள முடியாது. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு உண்டு. தவறியவர் மீது நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை அபராதம் விதிக்கத் தகவல் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. (அந்த ஆணையத்தில் முறையீடுகள் காத்துக்கிடக்கும் கதையை இன்னொரு நாள் பேசலாம்.)

தேர்வு எழுதுங்கள். உள்ளே போனபின் சேஷனாக முயல வேண்டாம். உங்கள் கையில் ஒரு புகார்த் திரையின் வடிவமைப்பு சிக்கினால், 'எங்களுடையது இல்லை, இன்னாருடையது' என்ற மூன்றாவது பொத்தானைச் சேருங்கள். புகாரை முடிக்கும் பொத்தானைப் புகார் கொடுத்தவரின் கைபேசிக்கு மாற்றப் பாருங்கள். இரண்டையும் கடுமையாக எதிர்ப்பார்கள்.

அப்பாவிடம், அடுத்த முறை மனு வேண்டாம் என்று சொல்லுங்கள். பழைய ஒப்புகை எண்களைக் குறிப்பிட்டு, ஒவ்வொரு மனுவையும் முடித்துவைத்த அலுவலரின் பெயர், பதவி, அவர் தலத்தணிக்கை செய்த நாள், அப்போது எழுதிய குறிப்பின் நகல் ஆகியவற்றைக் கேட்கட்டும். பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். பதில் வந்ததும் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.