அம்மாவுடன் ஒரே நாளில் நிக்கோ: முடியும்

முழங்கால் வலி உள்ள அம்மாவுடன் நவம்பர் முதல் வாரம் டோக்கியோவிலிருந்து மலையூரான நிக்கோ போய், தோஷோகு ஆலயம், கெகோன் அருவி இரண்டையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். முடியும், ஆனால் டோக்கியோவின் அசாகுசா நிலையத்திலிருந்து தோபு நிறுவனத்தின் விரைவு ரயிலில் காலையிலேயே ஏறிவிடுங்கள், சுமார் 2 மணி நேரப் பயணம், இருக்கை முன்பதிவு கட்டாயம். இறங்கியதும் ஆலயத்துக்குப் போகாமல் நேராக அருவி இருக்கும் மலைக்குப் பேருந்து பிடியுங்கள், ஏனென்றால் இலை சிவக்கும் காலத்தில் இரோஹாசாகா மலைச்சாலையின் கொண்டை ஊசி வளைவுகளில் வண்டிகள் அப்படியே நின்றுவிடும், நேரம் ஆக ஆக இன்னும் மோசம். 97 மீட்டர் அருவியை அருகில் பார்க்க லிஃப்ட் இருக்கிறது. நண்பகலுக்குள் கீழே கிளம்பிவிடுங்கள். நவம்பரில் தோஷோகுவை மாலை 4 மணிக்கே மூடிவிடுவார்கள், அதற்கு அரை மணி முன்பே உள்ளே விடுவதை நிறுத்திவிடுவார்கள். ஆலயத்துக்குள் இருக்கும், ஜப்பானை ஆண்ட படைத்தலைவர் இயேயாசுவின் சமாதிக்கு 207 கற்படிகள், அம்மாவுக்கு அது வேண்டவே வேண்டாம். அப்புறம், மலைமேல் அருவியை ஒட்டிய ஏரிப் பக்கம் நல்ல குளிர், ஸ்வெட்டர் கட்டாயம்.