கார்ன்வால் கடலுக்கு எந்த வெட்சூட்?

வணக்கம்.

மூன்று வருடங்களாகக் கோவளத்தில் சர்ஃபிங் செய்கிறேன். ரேஷ் கார்டு (மெல்லிய சர்ஃபிங் சட்டை) தவிர வேறெதுவும் தேவைப்பட்டதில்லை. செப்டம்பரில் மேற்படிப்புக்காக இங்கிலாந்திலுள்ள பிளிமத் போகிறேன், வார இறுதிகளில் பக்கத்துக் கார்ன்வால் கடற்கரைக்குப் போக ஆசை. ஒரு வெட்சூட்டுக்குத்தான் (குளிர்நீரில் போடும் ரப்பர் உடை) பணம் இருக்கிறது. 3/2 (உடம்புக்கு 3 மி.மீ., கைகாலுக்கு 2 மி.மீ. தடிமன்) ஒன்று தள்ளுபடியில் கிடைக்கிறது. ஒரு அளவு பெரிதாக எடுத்தால் குளிர்காலத்தில் உள்ளே பனியன் போட்டுக்கொள்ளலாமே என்று பார்க்கிறேன். வாங்கலாமா?

எஸ்., சென்னை

அன்புள்ள எஸ்.,

3/2 வேண்டாம். பெரிய அளவு வேண்டவே வேண்டாம்.

நீங்கள் போய் இறங்கும் நேரத்தில் கார்ன்வாலின் சர்ஃபிங் ஊரான நியூகீயில் கடல் 17 டிகிரியை ஒட்டி இருக்கும். வருடத்தில் மிகவும் வெதுவெதுப்பான சமயம் அதுதான், 3/2 தாராளமாகப் போதும். அந்த முதல் மாதத்தை நம்பி வாங்குகிறவர்கள்தான் டிசம்பரில் நடுங்குகிறார்கள். கரை சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் ஆறும். கடல் எதற்கும் ஒன்றிரண்டு மாதம் பிந்தித்தான் வரும். அக்டோபரில் கரையில் ஸ்வெட்டர் தேவைப்படும்போது தண்ணீர் இன்னும் 15-ஐ ஒட்டியிருக்கும். ஏப்ரலில் நல்ல வெயிலடிக்கும், தண்ணீரோ 10, 11-தான். அடிமட்டம் பிப்ரவரி, மார்ச்சில்: 9, 10. ஆகவே வானத்தைப் பார்த்து உடுக்காதீர்கள், அன்றைய நீர் வெப்பநிலையைப் பார்த்து உடுத்துங்கள்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 4/3. உடம்புப் பகுதி 4 மி.மீ., கைகால் 3 மி.மீ. என்று பொருள். பணம் மிஞ்சினால் 5 மி.மீ. பூட்ஸ், 3 மி.மீ. கையுறை, தலைக்கு ஹுட் வாங்குங்கள். இவை சேர்ந்தால் ஜனவரிவரை ஓட்டிவிடலாம். பிப்ரவரி, மார்ச்சில் உள்ளூர்க்காரர்கள் 5/4 போடுவார்கள். நீங்கள் முக்கால் மணி நேரத்தில் கரையேறிவிடுங்கள்.

பனியன் யோசனை ஏன் பலிக்காது? வெட்சூட்டின் ரப்பரான நியோப்ரீனுக்குள் இருக்கும் நுண்ணிய வாயுக் குமிழிகள்தான் குளிரைத் தடுக்கின்றன. உள்ளே புகும் கொஞ்சம் தண்ணீரை உடம்பு சூடாக்கிக்கொள்ளும், அது அங்கேயே நின்றால் பிரச்சினையில்லை. சூட் தொளதொளவென்று இருந்தால், நீங்கள் வாத்து முக்கு முக்கும் (பலகையோடு அலைக்கு அடியில் முங்கும்) ஒவ்வொரு தடவையும் சூடான தண்ணீர் வெளியேறிப் பச்சைத் தண்ணீர் கழுத்து வழியாக முதுகில் இறங்கும். 5 மி.மீ. சூட்டாக இருந்தாலும் அதே கதிதான். பனியன் சுருண்டு அக்குளை அறுப்பதுதான் மிச்சம்.

கடையில் போட்டுப் பார்க்கும்போது இடுப்புக்கு மேலே முதுகுக் குழியைக் கவனியுங்கள். அங்கே ஒரு பிடி ரப்பரைக் கையில் அள்ள முடிந்தால் சூட் பெரிது. அக்குளிலும் தொடைச் சந்திலும் இடைவெளி கூடாது. கைகளைத் தலைக்கு மேல் நீட்டித் துடுப்புப் போடுவதுபோல் சுழற்றுங்கள், உட்கார்ந்து எழுந்திருங்கள். தோள் இழுத்துப் பிடித்தால் சிறிது. உலர்ந்திருக்கும்போது கொஞ்சம் பிடிப்பாகத்தான் தோன்றும், நனைந்தால் இளகிவிடும்.

அடுத்தது தையல். தள்ளுபடி 3/2-க்களில் பெரும்பாலும் ஊசி மறுபக்கம்வரை துளைத்த தட்டைத் தையல்தான் இருக்கும். ஒவ்வொரு துளையும் ஒரு ஒழுகல். உங்களுக்கு வேண்டியது விளிம்புகளைப் பசையால் ஒட்டி, ஊசி பாதி ஆழம் மட்டும் போகும்படி தைத்தது. சூட்டை உள்புறம் திருப்பித் தையலை விரலால் விரித்துப் பாருங்கள், வெளிச்சம் தெரியக் கூடாது. முதுகு ஜிப்பைவிட மார்பு ஜிப்பில் தண்ணீர் குறைவாகப் புகும், முதல் சில நாள் போடுவதற்குத்தான் சிரமம்.

காலில் ஒரு பாலித்தீன் பையை மாட்டிக்கொண்டால் கால்குழாய் வழுக்கிக்கொண்டு ஏறும். நகத்தால் இழுக்காதீர்கள். பிறை வடிவில் கீறல் விழும், நியோப்ரீன் பசை வைத்து ஒட்ட வேண்டிவரும். பூட்ஸை முதலில் போட்டு அதன் மேல் சூட்டின் கால் விளிம்பை இறக்கிவிடுங்கள். மாற்றிப் போட்டால் பூட்ஸ் வாளியாகிவிடும்.

15 டிகிரிக்குக் குறைவான தண்ணீரில் திடீரென்று விழுந்தால் மூச்சு தானாகத் திணறும். நல்ல நீச்சல்காரருக்கும் இது நடக்கும். அந்த ஓரிரு நிமிடம் நீந்தப் பார்க்காமல் பலகையைப் பிடித்து மிதந்தால் மூச்சு நிதானத்துக்கு வந்துவிடும். மெதுவாக இறங்குங்கள், முகத்தை முதலில் நனையுங்கள்.

முடிந்ததும் குழாய்த் தண்ணீரில் அலசி, உள்புறம் திருப்பி, இடுப்பில் மடித்து நிழலில் போடுங்கள். விடுதியில் வாஷிங் மெஷினும் ஹீட்டரும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும், இரண்டிலும் வைக்காதீர்கள்.