அந்த 500 ரூபாய்ப் பரிசை நிறுத்துங்கள்

கேள்வி: ஐயா, பள்ளிச் சீருடை தைக்கும் சிறு யூனிட் நடத்துகிறேன். 14 டெய்லர்கள். வாரா வாரம் அதிகப் பீஸ் தைப்பவருக்கு 500 ரூபாய் பரிசு தருகிறேன். எண்ணிக்கை கூடியது, ஆல்டரும் (தவறாகத் தைத்ததைப் பிரித்து மறுபடி தைப்பது) கூடிவிட்டது. முன்பு ஒன்றாகச் சாப்பிட்டவர்கள் இப்போது முகம் கொடுத்துப் பேசுவதில்லை. என்ன செய்யலாம்?
– வாசகி, வில்லாபுரம், மதுரை

பதில்: பரிசை நிறுத்துங்கள் அம்மா, இந்த வாரமே.

கப்பலூரில் ரப்பர் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் 26 வருஷம் சூப்பர்வைசராக இருந்தேன். அங்கேயும் மாதாமாதம் இப்படி ஒரு பரிசு உண்டு. ஒரு சமயம் அச்சு தேய்ந்து, பீஸ் விளிம்பில் மயிரிழை மாதிரி பிசிறு வந்துகொண்டிருந்தது. பிரஸ் ஓட்டின தம்பிக்குத் தெரியும். அடுத்த ஷிப்ட்காரருக்கும் தெரியும். சொன்னால் மிஷினை நிறுத்துவோம், எண்ணிக்கை போய்விடும். மூன்று வாரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. லாட் முழுக்கத் திரும்பி வந்த அன்று அவர்களைக் கண்டபடி திட்டினேன். வாயை மூடிக்கொண்டிருக்க நாங்களேதான் காசு கொடுத்திருக்கிறோம் என்பது எனக்கு உறைக்க நாளாயிற்று.

1950-இல் ஜப்பான் தொழிலதிபர்களுக்குத் தரக் கட்டுப்பாட்டைச் சொல்லிக்கொடுத்த அமெரிக்கர் எட்வர்ட்ஸ் டெமிங், நிர்வாகத்துக்கென 14 விதிகள் வைத்தார். எட்டாவது விதி, வேலை செய்கிற இடத்திலிருந்து பயத்தை விரட்டச் சொல்கிறது. டொயோட்டா ஆலையில் கோளாறைக் கண்ட தொழிலாளி கயிற்றை இழுத்தால் போதும், குழுத்தலைவர் ஓடி வருவார். சரியாகாவிட்டால் லைனே நிற்கும். இழுத்தவரை யாரும் முறைப்பதில்லை என்ற நம்பிக்கை இருந்தால்தானே கை கயிற்றுக்குப் போகும்?

நம்மூர் அரவிந்த் கண் மருத்துவமனையையே எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டர் வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கையோடு தொடங்கியது. ஒரு மேசையில் ஆபரேஷன் நடக்கும்போதே பக்கத்து மேசையில் அடுத்த நோயாளியைத் தயார் செய்துவிடுவார்கள். அதைச் செய்வது, கிராமங்களிலிருந்து வந்து அங்கேயே பயிற்சி பெற்ற பெண்கள். டாக்டரின் கை வேகத்தை மட்டும் எண்ணினால் அந்தப் பெண்களின் வேலை கணக்கிலேயே வராது.

உங்கள் யூனிட்டிலும் அப்படித்தான். காலர் கோணலாக வந்தால் முதலில் தெரிவது, அதைச் சட்டையோடு சேர்க்கிற பெண்ணுக்கு. பிரித்துக் கொடுத்தால் அவள் பீஸ் குறையும். அப்படியே தைத்து அனுப்புகிறாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆல்டர் பிரிக்கும் நேரத்துக்கும் கூலி போடுங்கள். மாதம் 2,000 ரூபாய் மிச்சமாகிறதல்லவா? ஓர் ஆர்டர் திரும்பி வராமல் நாளுக்குப் போய்ச் சேர்ந்தால் அந்தப் பணத்தைச் செக்கிங், அயர்ன் உட்பட எல்லோருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுங்கள். ஆல்டர் எண்ணிக்கைக்கு மட்டும் பரிசு வைத்துவிடாதீர்கள், அப்புறம் ஆல்டரை ஒளித்துவைப்பார்கள்.

காலை டீ நேரத்தில் மிஷின் போடுவதற்கு முன் பத்து நிமிஷம் எல்லோரும் உட்காருங்கள். முதல் நாள் உங்கள் தவறு ஒன்றை நீங்களே சொல்லுங்கள். கட்டிங் மாஸ்டரும் அங்கே இருக்கட்டும். கோணல் அவர் மார்க்கிங்கிலேயே தொடங்கியிருக்கலாம். அதைச் சொல்ல அந்தப் பெண்கள் எத்தனை நாளாகக் காத்திருக்கிறார்களோ.