கடல்மீன் தொட்டி: பாக்டீரியாவுக்கு லைட் தேவையா?

கேள்வி: மும்பை செம்பூரில் இருக்கிறோம். 100 லிட்டரில் கடல்மீன் தொட்டி அமைத்திருக்கிறோம், இன்னும் மீன் விடவில்லை. கடைக்காரர் ‘ஆழ்கடல் பாக்டீரியா’ பாட்டில் கொடுத்து, அது வளர 24 மணி நேரமும் எரியத் தனி லைட் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். இருக்கிற லைட்டையும் அணைத்து வையுங்கள்.

தொட்டியைச் சுத்தமாக்கும் நுண்ணுயிர்களுக்கு வெயில் வேண்டாம். ஒரு கூட்டம் மீன் கழிவில் வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும். இன்னொன்று நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். அதில் கிடைக்கும் ஆற்றலை வைத்தே தண்ணீரில் கரைந்த கார்பனைப் பிடித்து உடம்பாக்கிக்கொள்கின்றன. இருண்ட ஆழ்கடலிலும் இவற்றின் உறவினர்கள் இப்படித்தான் பிழைக்கின்றன. அவற்றில் ஒன்றான நைட்ரோசோபுமிலஸைப் பிரித்தெடுத்து 2005-ல் அறிவித்தார்கள்; அது கிடைத்ததே அமெரிக்காவின் சியாட்டில் மீன் காட்சியகத் தொட்டியில்தான். பலத்த வெளிச்சம் இவற்றை மந்தமாக்கும், பாசியைத்தான் வளர்க்கும்.

அம்மோனியா தரும் ஆற்றல் சொற்பம். ஒரு கார்பன் அணுவைப் பிடிக்கவே சுமார் 10 அம்மோனியா மூலக்கூறு செலவாகிறது. அதனால் தொட்டி தயாராக 4 முதல் 6 வாரம் பிடிக்கும். ‘மூன்றே நாளில் ரெடி’ என்பவரை நம்பாதீர்கள்.

பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். பேசில்லஸ் என்று மட்டும் போட்டிருந்தால் அது வேறு சரக்கு. வித்தாக உறங்கி மாதக்கணக்கில் அலமாரியில் தாங்கும் என்பதால் கடைகளுக்கு அது வசதி. அழுகிய கழிவைத் தின்னும், உங்களுக்கு வேண்டிய வேலையைச் செய்யாது. வேலை செய்கிற இனங்களுக்கு வித்து கிடையாது, மே மாத வெக்கையில் பாட்டிலுக்குள்ளேயே செத்துவிடும். உள்ளே எந்த உயிர், எப்போது அடைத்தது என்று சொல்லாமலே உயிருள்ள சரக்கை விற்கிறார்கள், கேட்பாரில்லை!

குளோரின் நீக்கிய தண்ணீர், உப்பு அடர்த்தி 1.025, சூடு 26 டிகிரி, பம்ப் ஓயாமல் ஓட வேண்டும். நுண்ணுயிர்களுக்குத் தீனியாக அம்மோனியம் குளோரைடு 0.6 கிராம் போட்டால் அம்மோனியா 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) வரும். இரண்டு நாளுக்கு ஒருமுறை டெஸ்ட் கிட்டில் பாருங்கள். பூஜ்யத்துக்கு இறங்கியதும் அதே அளவு மறுபடி.

பலர் மாட்டிக்கொள்வது கேஹெச்சில்தான், அதாவது தண்ணீரில் கரைந்த கார்பனேட் அளவில்; இதையும் டிகிரியில்தான் சொல்வார்கள். ஒவ்வொரு டோஸும் அரை டிகிரிக்கு மேல் தின்றுவிடும். அது குறைந்தால் கார்பனும் குறையும், பிஹெச்சும் சரியும், வேலை நின்றுவிடும். உடனே இரண்டாவது பாட்டிலை விற்க ஆள் வந்துவிடுவார். கேஹெச் 7 டிகிரிக்குக் கீழே போனால் 3 கிராம் சமையல் சோடாவைக் கரைத்து ஊற்றுங்கள், 1 டிகிரி ஏறும். பேக்கிங் பவுடர் கூடவே கூடாது.

ஒரே விதிவிலக்கு பவளம். அதன் உடம்புக்குள் ஒளியில் உணவு தயாரிக்கும் பாசி குடியிருக்கிறது. இருட்டில் பட்டினி கிடக்கும். ஆகவே பவளம் இருக்கும் தொட்டியில் லைட்டை அணைக்காதீர்கள், மேலே சொன்னபடி அம்மோனியாவும் ஊற்றாதீர்கள். தொட்டி தயாரான பிறகே பவளம். ‘லைவ் ராக்’ என்று கடலில் பெயர்த்த பவளப்பாறையை யாராவது நீட்டினால் தொடவே தொடாதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் கல்பவளமும் புலியும் ஒரே அட்டவணை. தரகர் நழுவிவிடுவார், பதில் சொல்ல வேண்டியது நீங்கள்.

2 பிபிஎம் போட்டு 24 மணி நேரத்தில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யமானால் பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு முதலில் ஒரே ஒரு மீன் விடுங்கள்.