சேஸிஸ் உள்ளே துரு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஐப்பசி நெருங்கினால்தான் நம் ஆட்களுக்கு வண்டியின் அடிப்பாகம், அதாவது வண்டியைத் தாங்கும் சேஸிஸ், நினைவுக்கு வரும். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் துருவைப் பற்றியவைதான்.

அண்ணாச்சி, வண்டியில் துரு பிடிக்கிறது. என்ன அடிக்கலாம்? (ஊர் எழுதவில்லை)

என்ன வண்டி, எந்த வருஷத்து மாடல், துரு எங்கே என்று ஒன்றுமே இல்லை. மூன்றையும் எழுதி அனுப்புங்கள், பார்க்கலாம்.

மீன் லோடு ஏற்றும் பிக்கப் வைத்திருக்கிறேன். தினமும் கழுவியும் சேஸிஸ் அரிக்கிறது. (உவரி)

எந்தத் தண்ணீரில் கழுவுகிறீர்கள்? கடலோரத்து போர்வெல் தண்ணீர் என்றால் உப்பை உப்பாலேயே கழுவுகிறீர்கள். நல்ல தண்ணீர் வேண்டும். பெட்டியிலிருந்து வடியும் ஐஸ் தண்ணீர் சேஸிஸ் மேல் விழாதபடி ஒரு குழாய் போட்டு வெளியே இறக்குங்கள், பாதித் தொல்லை அதிலேயே தீரும். அப்புறம், சேஸிஸோடு இன்னொரு தகடு சேர்த்து ரிவெட் அடித்த இடங்களைக் கவனியுங்கள். துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். இரண்டு தகடுகளுக்கு நடுவில் அது ஊதினால் ரிவெட்டே நெம்பிக்கொண்டு வரும்.

ஐந்து வருஷக் கார். வாங்கும்போதே அண்டர்பாடி கோட்டிங் செய்தாயிற்று. உள்ளேயும் ஏதாவது அடிக்க வேண்டுமா? (பாளையங்கோட்டை)

என் வாயைக் கிளறிவிட்டீர்கள்.

அடிப்பாகத்தில் பூசிய கோட்டிங் வெளியே இருக்கிறது, துரு உள்ளே இருக்கிறது. கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் சைட் சில், குறுக்கே போகும் கிராஸ் மெம்பர் எல்லாம் தகடுகளை ஸ்பாட் வெல்டிங்கில் சேர்த்த பெட்டிகள். இரவில் குளிரும்போது உள்சுவர் வேர்க்கும். மழைத்தண்ணீர் கொஞ்சம் இறங்கும், சக்கரம் வாரியடித்த சேறும் கொஞ்சம் நுழையும். அதெல்லாம் வடிவதற்குத்தான் அடியில் சின்னச் சின்ன ஓட்டைகள் விட்டிருக்கிறார்கள். கோட்டிங் அடிக்கிறவர் ஸ்ப்ரே கன்னைக் கையில் எடுத்தால் அந்த ஓட்டைகளையும் சேர்த்து அடைத்துவிடுகிறார். உள்ளே போன தண்ணீர் அங்கேயே குடியிருக்கிறது.

என் பழைய ஜீப்பை ஒரு பட்டறையில் இப்படித்தான் விட்டேன். எந்தப் பட்டறை என்று கேட்காதீர்கள். சேற்றைச் சரியாகக் கழுவாமல், ஈரத்தோடு கருப்பு அடித்துக் கொடுத்தார்கள். மூன்று வருஷம் அடியில் குனிந்து பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். நாலாவது வருஷம் பஞ்சர் என்று ஜாக்கி வைத்தேன். வண்டி ஏறவில்லை, ஜாக்கிதான் ஏறியது, சேஸிஸுக்குள்ளே. தகடு அப்பளமாக நொறுங்கியிருந்தது. மேலே பூசிய கருப்பு மட்டும் முழுசாக இருந்தது.

எனவே முதல் வேலை, ஒரு கம்பியை எடுத்து அந்த ஓட்டைகளைக் குத்தித் திறப்பது. ரப்பர் மூடிகளைக் கழற்றி, போனில் மாட்டும் சின்ன கேமராவை உள்ளே விட்டுப் பாருங்கள். சேறு இருந்தால் கழுவி, மூன்று நான்கு நாள் வெயிலில் நிறுத்துங்கள். காயாமல் எதையும் அடிக்காதீர்கள். காய்ந்த பிறகு கேவிட்டி வேக்ஸ், அதாவது பெட்டிக்குள்ளே அடிக்கும் மெழுகு. சாதாரண ஸ்ப்ரே கன் போதாது. சுற்றிலும் பீய்ச்சும் நாசில் வைத்த நீளக் குழாய் வேண்டும். கடைசி வரை உள்ளே விட்டு, அடித்துக்கொண்டே மெதுவாக வெளியே இழுக்க வேண்டும். மெழுகு தகட்டு இடுக்குகளில் தானாக ஊர்ந்து போகும். ஓட்டை வழியாகக் கொஞ்சம் சொட்டினால் நல்ல அறிகுறிதான், வீட்டு டைல்ஸ் தரையில் நிறுத்தாமல் இருந்தால் சரி. ஒரு காருக்கு இரண்டு மூன்று லிட்டர் ஆகும். முடிந்ததும் ஓட்டைகளை மறுபடி ஒருமுறை குத்திப் பாருங்கள். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கேமரா விட்டுப் பார்த்தால் போதும்.

கோட்டிங்கே வேண்டாம் என்று சொல்லவில்லை. வீல் ஆர்ச்சில், அதாவது சக்கரத்துக்கு மேலுள்ள வளைவில், கல் அடிபடும் இடத்துக்கு அது தேவை. அது செய்யாத வேலைக்கு அதற்குப் பேர் கொடுக்காதீர்கள்.

தாத்தா காலத்தில் கழிவு எஞ்சின் ஆயிலைத்தான் அடிப்பார்கள். இப்போதும் அடிக்கலாமா? (மேலப்பாளையம்)

காருக்கு வேண்டாம். ரப்பர் புஷ்களை ஊதவைக்கும், பிரேக்கில் பட்டால் ஆபத்து. எரிந்த ஆயிலில் அமிலமும் கரியும் கலந்திருக்கும். சொட்டுவதெல்லாம் மழையோடு நம் குளத்துக்குத்தான் போகும். தாத்தா காலத்தில் வேறு கிடைக்கவில்லை, இப்போது கிடைக்கிறது.

பேட்டரியில் மாட்டினால் துருவே பிடிக்காது என்று ஒரு எலக்ட்ரானிக் கருவி விற்கிறார்கள். வாங்கலாமா? (திசையன்விளை)

வாங்க வேண்டாம். கப்பலின் அடிப்பாகத்திலும் மண்ணுக்குள் புதைத்த பைப்பிலும் மின்சாரம் வைத்துத் துருவைத் தடுப்பது உண்மைதான். அங்கே சுற்றிலும் தண்ணீரோ ஈரமண்ணோ இருக்கிறது, மின்சாரம் அது வழியாகத்தான் பாயும். உங்கள் கார் காற்றில் நிற்கிறது.

2023 டிசம்பர் வெள்ளத்தில் கார் ஒரு நாள் முழுக்க முங்கி நின்றது. சீட், எஞ்சின் எல்லாம் பார்த்தாயிற்று. இனி பயமில்லையே? (வண்ணார்பேட்டை)

சேஸிஸ் உள்ளே பார்த்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. தாமிரபரணி வண்டல் மாவு மாதிரி இருக்கும், சைட் சில்லுக்குள் படிந்தால் ஈரத்தை விடவே விடாது. மூடிகளைக் கழற்றி, பிரஷர் வைக்காமல் சாதாரண ஹோஸில், தெளிந்த தண்ணீர் வரும்வரை விடுங்கள். பிரஷரில் அடித்தால் வண்டலை மூலைக்குத் தள்ளி இறுக்கிவிடும். ஒரு வாரம் காயவிடுங்கள். இத்தனை நாள் விட்டதால் முதலில் கேமரா, அப்புறம்தான் மெழுகு.

சேஸிஸ் நம்பர் இருக்கும் இடத்தில் துரு. கிரைண்டர் பிடித்துப் பெயிண்ட் அடித்துவிடலாமா? (தென்காசி)

கிரைண்டர் கூடவே கூடாது. நம்பர் அழிந்தால் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று சோதனையில் நிற்க வேண்டியதுதான், திருட்டு வண்டியோ என்று பார்ப்பார்கள். கையால் ஒயர் பிரஷ் போட்டு, துடைத்து, மெல்லிசாக கிரீஸ் தடவுங்கள்.

சேஸிஸில் கை நுழையும் ஓட்டை. மேலே தகடு வைத்து வெல்டிங் அடித்தால் போதும் என்கிறார் டிங்கர். (நாங்குநேரி)

போதாது. ஸ்குரூ டிரைவரால் தட்டிக்கொண்டே போங்கள், 'டக்' என்று மந்தமாகக் கேட்கும் இடமெல்லாம் போனது. 'டிங்' என்று கேட்கும் நல்ல தகடு வரை வெட்டி எடுத்து, அதே கனத்தில் புதுத் தகடு வைக்க வேண்டும். அழுகியதன் மேல் ஒட்டுப் போட்டால் வெல்டிங் பிடிப்பது துருவைத்தான். பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு வேலையை ஆரம்பிக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே மெழுகு அடித்த வண்டி என்றால் அதையும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், அது தீப்பிடிக்கும். வெல்டிங் சூட்டில் உள்பக்கப் பெயிண்ட் கருகியிருக்கும். அதனால் ஆறியதும் அந்த இடத்துக்கு உள்ளேயிருந்து மெழுகு அடிக்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு வராதீர்கள்.