நன்றாக ஓடும் கிளைக் கடையையும் ஏன் மூடுகிறார்கள்?

ஒரே நிறுவனம் பல ஊர்களில் ஒரே பெயரில் நடத்துபவை சங்கிலிக் கடைகள். சின்ன ஊரில் கூட்டம் குறையாத கிளைக்கும் ஏன் பூட்டு விழுகிறது என்று பலர் கேட்கிறார்கள்.

பிரிட்டனின் வுல்வொர்த்ஸைப் பார்ப்போம். 1909இல் லிவர்பூலில் தொடங்கி, மிட்டாய் முதல் பாத்திரம் வரை விற்று, சிறு நகரக் கடைவீதிகளின் அடையாளமாகவே ஆன கடை அது. 2009 ஜனவரி 6க்குள் 807 கிளைகளும் மூடப்பட்டன. சுமார் 27,000 பேருக்கு வேலை போனது. எனக்கு இதில் பெரிய இழப்பாகத் தெரிவது அதுதான்.

கிளைக்கென்று தனி உயிர் கிடையாது. சரக்கு, கடன், வாடகை ஒப்பந்தம் எல்லாமே தலைமையகத்தின் கையில். 2001இல் வுல்வொர்த்ஸ் தன் தாய் நிறுவனத்திலிருந்து பிரிந்தபோது பல கடைகளின் கட்டடங்கள் விற்கப்பட்டு, அதே கட்டடங்களுக்கு வாடகை கட்ட வேண்டி வந்தது. கடனும் ஏறியது. 2008 உலக நிதி நெருக்கடியில் சரக்கு தருபவர்கள் முன்பணம் கேட்கத் தொடங்கினார்கள். அவ்வளவு ரொக்கம் இல்லை. அடுக்குமாடியில் பொது மோட்டார் எரிந்துபோனால், குழாய் நன்றாக இருக்கும் வீட்டிலும் தண்ணீர் வராது அல்லவா, அதே கதைதான்.

‘ஊர்க்காரர்கள் வாங்காததால்தான் மூடினார்கள்’ என்று எப்போதும் சொல்லிவிட முடியாது: டார்செஸ்டர் கிளையை அதன் பழைய மேலாளரே 2009 மார்ச்சில் ‘வெல்வொர்த்ஸ்’ என்ற பெயரில், பழைய ஊழியர்கள் பலரோடு மீண்டும் திறந்தார்.