சோஃபாவுல டீ தொடைச்ச இடத்துல வட்டமா கறை

சோஃபா துணியில டீ கொட்டினத தொடைச்சதும் வட்டமா கறை விழுந்துடுச்சு, என்ன பண்றதுன்னு கேட்டிருக்கீங்க. அந்த வட்டத்த மட்டும் திரும்பத் திரும்ப தேய்க்காதீங்க, இன்னும் பெருசாகும். ஒரு தையல்ல இருந்து அடுத்த தையல் வரைக்கும் அந்தப் பக்கம் முழுசையும் ஈரத்துணியால ஒரே சீரா நனைச்சு, காஞ்ச வெள்ளைத் துண்டால ஒத்தி எடுத்து, ஃபேன் போட்டு சீக்கிரம் காய விடுங்க.

டீ கொட்டின இடத்த மட்டும் தொடைச்சதா சொல்றீங்கள்ல, அப்போ தண்ணி துணியில இருந்த அழுக்கையும் சோப்பையும் ஓரத்துக்கு இழுத்துட்டுப் போய் அங்கயே காஞ்சிருக்கும், எங்க வீட்டு சாம்பல் கலர் கவர்லயும் இதே மாதிரிதான் பழுப்பா வளையம் விழுந்துச்சு.

ஆனா நனைக்கறதுக்கு முன்னாடி ஜிப் பக்கத்துல லேபிள் இருக்கான்னு பாருங்க. 'டபிள்யூ'ன்னா தண்ணி ஓகே, 'எஸ்' மட்டும் போட்டிருந்தா தண்ணியே படக்கூடாது, ட்ரை க்ளீனிங்தான். லேபிள் இல்லன்னா பின்பக்கம் மறைவா ஈர வெள்ளைத்துணிய அழுத்திப் பாருங்க, சாயம் ஒட்டுச்சுன்னா நீங்களா கை வைக்காதீங்க.